ஒட்டு விட்டுப்போனால் பரவிவிட்டது என்று அர்த்தமா?

தம்பி, பர்மாவின் மோல்மேனிலிருந்து நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் விஷயத்தை முதலில் சுருக்கிவிடுகிறேன். அண்ணனுக்கு 49 வயது. பெருங்குடலின் கடைசி வளைவில், மலக்குடலுக்குச் சற்று மேலே கட்டி. ரங்கூனில் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. கட்டி குடலின் தசைச் சுவரைத் தாண்டி வெளிக் கொழுப்பைத் தொட்டிருக்கிறது. எடுத்த 14 நெறிக்கட்டிகளில் 2-ல் புற்று. ஸ்கேனில் கல்லீரலும் நுரையீரலும் சுத்தம். இதோடு நின்றிருந்தால் உங்களுக்குத் தூக்கம் கெட்டிருக்காது. கட்டியை மெழுகில் பதித்துவைத்த பிளாக்கை வெளிநாட்டு லேப் ஒன்றுக்கு அனுப்பியதில் கூடுதலாக ஒரு வரி வந்துவிட்டது: ஊடுருவும் விளிம்பில் ஈ-கேடெரின் குறைவு, பீட்டா-கேட்டினின் அணுக்கருவில். யாரோ இதை "செல்களை ஒட்டிவைக்கிற பசை போய்விட்டது" என்று உங்களுக்கு விளக்கியிருக்கிறார்கள். பசை போய்விட்டால் உடம்பெல்லாம் பரவிவிட்டது என்றுதானே பொருள், பசையைத் திரும்பக் கொண்டுவர மருந்து உண்டா என்று கேட்கிறீர்கள்.

கூடவே சித்தியின் தடை உத்தரவு வேறு: கவுனி அரிசி ஒட்டும், அதைக் கொடுத்தால் குடலில் கட்டி மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று. அதை முதலில் முடித்துவிடுவோம். பர்மியர்கள் கௌன்யின் என்பதைத்தான் செட்டியார் வீடுகள் கப்பலேற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுபோய்க் கவுனி ஆக்கின என்பார்கள். அதன் பிசுபிசுப்பு மாவுச்சத்தின் குணம். வயிற்றுக்குள் போனதும் சர்க்கரையாகக் கரைந்துவிடும். செல்லும் செல்லும் ஒட்டுவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தவிடு நீக்காத அரிசி என்பதால் குடல் தையல் ஆறுகிற முதல் சில வாரங்களுக்கு மட்டும் நார் அதிகம். இனிமேல் எப்போது கொடுக்கலாம் என்று சர்ஜனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, நன்றாகக் குழைய வேகவைத்துக் கொடுங்கள்.

இப்போது பெரிய கேள்வி. நான் நோயாளியின் கட்டிலருகே நிற்கிற டாக்டர் இல்லை, முப்பது வருஷம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணாடித் தகடு பார்த்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அந்த வரிக்கு "பரவிவிட்டது" என்று பொருள் இல்லை. பசை என்கிற உவமையே உங்களைத் தவறான பக்கம் இழுத்துப் போயிருக்கிறது. புற்றுநோய் செல் பிடியை விடுவது பாதிக் கதைதான். விட்ட பிறகு அது எதைப் பிடிக்கிறது, எங்கே போய் மறுபடி கைகோத்துக்கொள்கிறது என்பது மறுபாதி. அந்த மறுபாதியை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

நல்ல குடலிலிருந்து தொடங்குகிறேன். பெருங்குடலின் உள்சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தால் தேன்கூடு மாதிரி லட்சக்கணக்கான நுண்குழிகள். குழியின் அடியில் புதிய செல் பிறக்கும், சுவரோடு சுவராக மேலே ஏறும், நாலைந்து நாளில் உச்சிக்கு வந்து உதிர்ந்துவிடும். ஆக, எந்த நோயும் இல்லாத குடலிலேயே செல்கள் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஆனால் வரிசை கலைவதில்லை, இடைவெளி விழுவதில்லை. சிமெண்ட் பூசிய செங்கல் இப்படி நகருமா? கோயில் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துபோகாமல் கைகோத்துக்கொண்டு நகர்வார்களே, அதுதான் இது. கை கோத்திருக்கும், நடையும் நிற்காது.

அந்தக் கைதான் ஈ-கேடெரின். செல்லுக்கு வெளியே ஐந்து மணிகள் கோத்த மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மணிகளுக்கு இடையில் கால்சியம் உட்கார்ந்தால்தான் கை விறைப்பாக நிற்கும், பக்கத்துச் செல்லின் அதே மாதிரிக் கையைப் பிடிக்கும். கால்சியத்தின் பங்கு தெரியவந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. கியோட்டோவைச் சேர்ந்த மசதோஷி தாகேய்ச்சி 1970-களில் அமெரிக்காவின் பால்டிமோருக்கு ஆராய்ச்சிக்குப் போனார். ஜப்பானில் டிரிப்சின் என்ற, புரதத்தைச் செரிக்கிற நொதியைப் போட்டுப் பிரித்த செல்கள் பிறகு அழகாகத் திரும்பச் சேர்ந்துகொள்ளும். பால்டிமோரில் சேரவில்லை. அதே செல், அதே ஆள், அதே டிரிப்சின். கடைசியில் பார்த்தால் அந்த லேபின் டிரிப்சின் கரைசலில் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்கிற ஒரு ரசாயனம் கலந்திருந்தது. கால்சியம் இருக்கும்வரை ஒட்டும் புரதம் டிரிப்சினுக்குத் தப்பித்துக்கொள்கிறது, கால்சியம் போனதும் அதுவும் செரிந்துபோகிறது. சமையல் குறிப்பு மாறிய ஒரு லேபில்தான் இந்தப் புரதக் குடும்பமே கண்டுபிடிக்கப்பட்டது. கால்சியம் என்ற சொல்லையும் ஒட்டுதல் என்ற சொல்லையும் சேர்த்துக் கேடெரின் என்று பெயர் வைத்தது 1984-ல். (இதைப் படித்துவிட்டு அண்ணனுக்குக் கால்சியம் மாத்திரை வாங்கப் போகாதீர்கள். ரத்தத்தில் இருக்கிற கால்சியமே இந்த வேலைக்குத் தாராளம்.)

செல்லுக்கு உள்ளே ஈ-கேடெரினின் வால் பகுதியைப் பிடித்துக்கொண்டிருப்பது பீட்டா-கேட்டினின். அதற்கு அடுத்து ஆல்ஃபா-கேட்டினின், அதற்கும் அப்பால் செல்லின் உள்வடங்கள். பீட்டா-கேட்டினினுக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. வாலைப் பிடிக்கிற வேலை இல்லாமல் செல்லுக்குள் சும்மா சுற்றுகிற பீட்டா-கேட்டினின் அணுக்கருவுக்குள் நுழைந்தால் "பெருகு, நகரு" என்கிற மரபணுக்களைத் தட்டி எழுப்பிவிடும். அதனால் உதிரியாகத் திரிவதைப் பிடித்து அழிக்க ஒரு காவல் இருக்கிறது. ஏ.பி.சி. என்ற மரபணு தருகிற புரதம்தான் அந்தக் காவலில் முக்கியமான ஆள். பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 80 சதவீதத்தில் இந்த ஏ.பி.சி. பழுதாகியிருக்கும். அதுவும் கட்டி சின்னப் பாலிப்பாக இருக்கிற ஆரம்ப நாளிலேயே.

ஆகவே "பீட்டா-கேட்டினின் அணுக்கருவில்" என்று படித்துப் பயப்பட வேண்டாம். இது பெருங்குடல் புற்றுநோய்தான், வழக்கமான பாதையில் வந்தது என்பதைத்தான் அது பெரும்பாலும் சொல்கிறது. புதிதாக ஒரு கெட்ட செய்தி அதில் இல்லை.

ஆனால் "விளிம்பில்" என்ற சொல் கவனிக்க வேண்டியது. ஜெர்மனியில் தாமஸ் பிரப்லெட்ஸ் குழு 2001-ல் இதைத்தான் கேட்டது: ஏ.பி.சி. பழுது கட்டியின் எல்லாச் செல்லிலும் இருக்கிறது, அப்படியானால் எல்லாச் செல்லின் அணுக்கருவிலும் பீட்டா-கேட்டினின் ஒரே மாதிரி நிறைந்திருக்க வேண்டாமா? தகட்டில் அப்படித் தெரிவதில்லை. கட்டியின் நடுவில் செல்கள் ஓரளவு ஒழுங்காகக் குழாய்க் குழாயாக அமைந்து, ஈ-கேடெரினைச் செல் எல்லையில் வரி வரியாகக் காட்டிக்கொண்டிருக்கும். நல்ல திசுவைக் குடைந்துகொண்டு போகிற விளிம்பில் மட்டும் ஈ-கேடெரின் மங்கி, பீட்டா-கேட்டினின் அணுக்கருவில் கருத்துத் தெரியும், செல்கள் ஒன்றிரண்டாகக் கழன்றுபோகும். அதே நோயாளியின் நெறிக்கட்டியிலோ கல்லீரலிலோ குடியேறிய கட்டியைப் பார்த்தால்? அங்கே மறுபடியும் குழாய் குழாயாக அமைப்பு, ஈ-கேடெரினும் திரும்ப வந்திருக்கும். முதன்முதலில் இரண்டு தகடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளில், மாற்றி எடுத்துவிட்டேனோ என்று லேபிளைச் சரிபார்த்தேன்.

மோல்மேன்காரருக்கு இதை விளக்க எனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. சல்வீன் ஆற்றில் முன்பு தேக்கு எப்படி வந்தது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். மேலே பாறையும் சுழலும் இருக்கிற இடத்தில் தெப்பம் கட்டினால் சிதறிவிடும். அதனால் கட்டைகளைத் தனித்தனியாகத்தான் மிதக்க விடுவார்கள். கீழே ஆறு அமைதியாகிற இடத்தில் குறுக்கே வடம் கட்டி அவற்றைத் தடுத்துப் பிடித்து, பிறகு தெப்பமாகப் பிணைத்து ஊருக்குக் கொண்டுவருவார்கள். தனிக் கட்டை வழிப்பயணத்துக்கு, தெப்பம் போய்ச் சேர்வதற்கு. குடல் கட்டியின் செல்லும் இதே மாதிரிதான் காரியம் பார்க்கிறது. சுவரைத் துளைக்கும்போது பிடியைத் தளர்த்துகிறது, குடியேறும் இடத்தில் மறுபடி பிணைந்துகொள்கிறது. பிணைப்பை நிரந்தரமாகத் தொலைத்த செல்லால் புதிய இடத்தில் கட்டியாக வளர்வது கடினம். சில செல்கள் பிரியாமலே சிறு கொத்தாகப் போவதும் உண்டு. மார்பகப் புற்றுநோயில் இதை ஆராய்ந்தவர்கள், ரத்தத்தில் கொத்தாக வருகிற செல்கள் தனிச் செல்லைவிடப் பல மடங்கு ஆபத்தானவை என்று கண்டார்கள். அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதே கெடுதல்.

இந்தத் திரும்பி வருகிற வித்தை எப்படிச் சாத்தியமாகிறது? குடலில் ஈ-கேடெரினின் மரபணு பெரும்பாலும் உடைவதில்லை, அதனால்தான். ஸ்னெயில், ஜெப்-1 என்கிற புரதங்கள் அந்த மரபணுவின் வாசலில் போய் உட்கார்ந்து அதைப் படிக்கவிடாமல் தடுக்கின்றன. எழுந்து போய்விட்டால் மறுபடி வேலை நடக்கும். வயிற்றில் கதை வேறு. நியூஸிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இளவயதிலேயே இரைப்பைப் புற்றுநோய் வந்து பலர் இறந்தார்கள். 1998-ல் பார்த்தபோது ஈ-கேடெரின் மரபணுவே பிறவியில் உடைந்திருந்தது. அந்த வகைப் புற்றில் செல்கள் கட்டியாகக்கூடத் திரள்வதில்லை, உதிரியாகச் சுவருக்குள் பரவும். இணையத்தில் ஈ-கேடெரின் என்று தேடினால் இந்தப் பயங்கரக் கதைதான் முதலில் வந்து நிற்கும். அண்ணனுடையது அது இல்லை.

விட்ட செல் எதைப் பிடிக்கிறது என்று சொன்னேன் அல்லவா. இங்கே சுவாரசியமான ஆள் சி.இ.ஏ. அண்ணனுக்கு ரத்தத்தில் எடுத்தார்களே, அதேதான். மாண்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் 1965-ல் பெருங்குடல் புற்றுக் கட்டியிலும் கருவிலிருக்கும் சிசுவின் குடலிலும் ஒரே பொருள் இருப்பதைக் கண்டார்கள். அதனால் கருவுக்குரியது என்கிற பொருளில் பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால் வளர்ந்தவர்களின் நல்ல குடலிலும் அது இருந்தது. அது என்ன வேலை செய்கிறது என்பது கால் நூற்றாண்டு தெரியாமலே, உலகம் முழுக்க ரத்தத்தில் அளந்துகொண்டிருந்தோம். 1989-ல் அதே மாண்ட்ரியலில், சி.இ.ஏ. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிற மூலக்கூறு என்று காட்டினார்கள். நாம் புற்றுநோய்க்கு அடையாளமாக அளக்கிற பொருள் ஒட்டும் மூலக்கூறு! பசை போனால் புற்று பரவும் என்ற எளிய கணக்கு இங்கேயே உடைந்துபோகிறது. கட்டியில் சி.இ.ஏ. குறைவதில்லை, கூடுகிறது.

நல்ல செல்லில் சி.இ.ஏ. மலம் போகும் பக்கமாகிய மேல்விளிம்பில் மட்டும் இருக்கும், உதிர்ந்தால் மலத்தோடு போய்விடும். கட்டியில் செல்லுக்கு மேல் கீழ் தெரியாமல் போய்விடுகிறது. சுற்றிலும் சி.இ.ஏ. முளைக்கிறது, உதிர்வது ரத்தத்தில் கலக்கிறது. இன்னொரு கெடுதலும் உண்டு. குடல் செல் தன் தரையைவிட்டுப் பெயர்ந்தால் தானாகவே செத்துப்போவது இயற்கை வைத்திருக்கிற சட்டம். 1994-ல் இதற்கு அனோய்கிஸ் என்று பெயர் வைத்தார்கள், வீடற்ற நிலை என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து. சி.இ.ஏ. நிறைய இருக்கிற செல் இந்தச் சாவைத் தட்டிக்கழிக்கிறது. குடலின் ரத்தமெல்லாம் கல்லீரல் வழியாகத்தான் இதயத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே காவலிருக்கிற கூப்ஃபர் செல்கள் சி.இ.ஏ.-வின் ஒரு சிறு துண்டை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கின்றன. அந்தச் சந்திப்பில் கிளம்புகிற அழற்சி, வந்த செல் ஊன்றிக்கொள்ள இடம் செய்து தருகிறது என்பதற்குச் சோதனைச் சான்றுகள் உண்டு. குடல் புற்று ஏன் இத்தனை தடவை கல்லீரலுக்குப் போகிறது என்பதற்கு ரத்தக் குழாயின் வழி மட்டும் காரணம் இல்லை. 1889-லேயே ஸ்டீஃபன் பேஜெட் என்ற ஆங்கில சர்ஜன் விதை எங்கும் விழலாம், ஒத்த மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார்.

ஆபரேஷனுக்கு முன் அண்ணனின் சி.இ.ஏ. 11 என்று எழுதியிருக்கிறீர்கள். பொதுவாக 5-க்குக் கீழே இருந்தால் சரி என்பார்கள். கட்டியை எடுத்த பிறகு அது நாலு முதல் ஆறு வாரத்தில் இறங்கிவிட வேண்டும், அதாவது இப்போதுதான் மறுபடி எடுக்கிற நேரம். அதை விட்டுவிடாதீர்கள், ஈ-கேடெரினைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ள எண் அது. ஒரு எச்சரிக்கை: சுருட்டுப் பிடிக்கிறவர்களுக்கு நோயே இல்லாவிட்டாலும் சி.இ.ஏ. கொஞ்சம் மேலே நிற்கும். அண்ணன் இன்னும் விடவில்லை என்று நீங்கள் ஓரத்தில் எழுதியதை நான் கவனிக்காமல் இல்லை. (இங்கிலீஷ்காரன் பர்மாச் சுருட்டுக்கு வைத்த பெயர்கூட நம் சொல்லைத் திருடியதுதான். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.) கீமோ தொடங்கிய முதல் சில வாரங்களிலும், முக்கியமாக ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து ஏறும்போது, எண் தற்காலிகமாக உயரலாம். ஒரு தடவை உயர்ந்ததைப் பார்த்து வீட்டில் அழுகையைத் தொடங்கிவிடாதீர்கள். மறுபடி எடுத்துப் பாருங்கள், ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி.

இன்னும் சில பிடிகள் இருக்கின்றன, வேகமாகச் சொல்கிறேன். இன்டெக்ரின்கள் செல்லின் கால்கள் மாதிரி. பக்கத்துச் செல்லைப் பிடிப்பதில்லை, அடித்தரையிலுள்ள கொலாஜனையும் ஃபைப்ரோநெக்டினையும் பிடிக்கும். ஊடுருவுகிற செல் ஈ-கேடெரின் கையைத் தளர்த்திவிட்டுக் காலை மாற்றி மாற்றி ஊன்றித்தான் முன்னேறுகிறது. எல்1-கேம் என்பது நரம்பு செல்களுக்குச் சொந்தமானது. குடல் கட்டியின் விளிம்புச் செல்கள் அதைக் கடன் வாங்கிக்கொள்கின்றன. இதை 2005-ல் இஸ்ரேலில் கண்டுபிடித்தார்கள், அதைத் தட்டி எழுப்புவதும் நம் பழைய நண்பர் பீட்டா-கேட்டினின்தான்.

டி.சி.சி. என்று ஒரு மரபணு. அதே பால்டிமோரில் ஃபோகல்ஸ்டைன் குழு 1990-ல் கண்டுபிடித்தது. பெருங்குடல் புற்றில் அடிக்கடி தொலைந்துபோகிறது, உருவமும் ஒட்டும் மூலக்கூறுகளைப் போல இருந்தது. ஆகவே பசை தொலைந்துதான் புற்று வளர்கிறது என்பதற்கு இதோ சாட்சி என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். நானே இளம் டாக்டர்களுக்கு அப்படிப் பாடம் எடுத்திருக்கிறேன். 1996-ல் பார்த்தால் அது பசையே இல்லை. வளர்கிற நரம்பு நுனிக்கு வழிகாட்டுகிற நெட்ரின் என்ற சமிக்ஞையைக் கேட்கிற காது அது. பாடத்தைத் திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒட்டு என்றாலே ஒரே அர்த்தம் இல்லை என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

செலக்டின் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு மாத்திரை வருகிறது, யாராவது உங்கள் காதில் ஓதுவார்கள். காயம்பட்ட இடத்துக்கு வெள்ளணு வரவேண்டுமானால் ஓடுகிற ரத்தத்தில் அது எங்காவது பிரேக் போட வேண்டும். அதற்காக ரத்தக் குழாயின் உள்சுவர் ஈ-செலக்டின் என்ற கொக்கியை நீட்டும். வெள்ளணு தன் மேலுள்ள ஒருவகைச் சர்க்கரையால் அதில் மாட்டி உருண்டு நிற்கும். குடல் புற்றுச் செல் கிட்டத்தட்ட அதே சர்க்கரையை உடம்பெல்லாம் போர்த்திக்கொண்டு அதே கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. சி.ஏ. 19-9 என்று ரத்தத்தில் அளக்கிறோமே, அது இந்தச் சர்க்கரைதான். (ரத்தத்தின் லூயிஸ் வகையைப் பொறுத்து, நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் அதைத் தயாரிக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு அந்த டெஸ்டே வீண்.) வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கிற பழைய சிமெடிடின் மாத்திரை இந்தக் கொக்கி முளைப்பதைக் குறைக்கிறது. ஜப்பானில் ஒரு சிறு ஆய்வில் அந்தச் சர்க்கரை நிறைய உள்ள கட்டிக்காரர்கள் சிமெடிடினோடு நன்றாகவே பிழைத்தார்கள், 2002-ல் வெளியிட்டார்கள். படிக்கும்போது எனக்கும் உற்சாகம்தான். ஆனால் அது அறுபது சொச்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வு, இன்றுவரை வழக்கமான சிகிச்சையில் அது சேரவில்லை. சிமெடிடின் மற்ற மருந்துகள் கல்லீரலில் கரைவதைத் தடுக்கிற குணமுள்ளது. கீமோ நடக்கும்போது கடையில் வாங்கித் தானாகக் கொடுப்பது ஆபத்து.

சிறிய ஆய்வை நம்பி ஏமாந்த கதை ஒட்டும் மூலக்கூறுகளிலேயே ஒன்று இருக்கிறது. எப்கேம் என்பது குடல் செல்லின் மேல் மொய்த்துக்கிடக்கிற ஒரு ஒட்டும் மூலக்கூறு. அதைக் குறிவைத்து எட்ரிகோலோமேப் என்ற ஆன்டிபாடி செய்தார்கள். 1994-ல் ஜெர்மனியில் 189 நோயாளிகளிடம், அதுவும் அண்ணனைப் போல நெறிக்கட்டியில் புற்று இருந்தவர்களிடம், இறப்பைக் கணிசமாகக் குறைத்தது. 1995-ல் அங்கே விற்பனைக்கும் வந்துவிட்டது. பிறகு 2,700-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2002-ல் முடிவு வெளியானது. கீமோவோடு சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் பலன் இல்லை, கீமோ இல்லாமல் அதை மட்டும் கொடுத்தவர்கள் நிலை மோசம். மருந்து போய்விட்டது.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: பசையைத் திரும்பக் கொண்டுவருகிற மருந்து என்று எதுவும் வழக்கத்தில் இல்லை. வந்தாலும் அது வேண்டுமா என்பதே எனக்குச் சந்தேகம். கல்லீரலில் ஏற்கெனவே தனியாக ஒளிந்திருக்கிற செல்லுக்கு ஈ-கேடெரினைத் திருப்பிக் கொடுத்தால் தெப்பம் கட்ட நாமே கயிறு கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

ரிப்போர்ட்டில் உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்? நோயின் கட்டத்தை. கட்டி எவ்வளவு ஆழம், எத்தனை நெறிக்கட்டியில் புற்று, தூர உறுப்பில் உண்டா என்கிற மூன்றும்தான் சிகிச்சையைத் தீர்மானிக்கும். 14 நெறிக்கட்டி எடுத்திருக்கிறார்கள், குறைந்தது 12 வேண்டும் என்பது கணக்கு. சர்ஜனும் லேபும் கவனமாக வேலை செய்திருக்கிறார்கள். அண்ணன் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறார். கெட்டிக்காரத்தனமாக அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாம் கட்டம் என்பது குணப்படுத்துகிற நோக்கத்தோடு கீமோ கொடுக்கிற கட்டம். 4 நெறிக்கட்டிக்குக் குறைவாக, கட்டியும் குடலின் வெளியுறையைத் துளைக்காமல் இருக்கிற இவரைப் போன்றவர்களுக்கு ஆக்ஸாலிபிளாட்டினும் கேப்ஸைட்டபினும் சேர்ந்த சிகிச்சை மூன்று மாதம் போதுமா, ஆறு மாதம் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். விரல் மரத்துப்போகிற தொந்தரவு ஆறு மாதத்தில் மிக அதிகம். ஆபரேஷன் முடிந்து ஆறு, எட்டு வாரத்துக்குள் கீமோ தொடங்குவது நல்லது. இந்த ஈ-கேடெரின் வரிக்கு விளக்கம் தேடிக்கொண்டு கீமோவைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள், எனக்கு அந்தப் பயம்தான்.

அதே ரிப்போர்ட்டில் "பட்டிங் 12, தரம் 3" என்று ஒரு வரி இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவே இல்லை. ஈ-கேடெரின் சாயம் சுற்றி வளைத்துச் சொல்வதை இது நேராகச் சொல்கிறது. விளிம்பில் கழன்று நிற்கிற தனிச் செல்களையும், நாலு செல்வரை உள்ள சிறு கொத்துகளையும், அவை மிக அடர்ந்த ஒரு வட்டத்தில், 0.785 சதுர மில்லிமீட்டருக்குள், எண்ணுவது. 4 வரை தரம் ஒன்று, 5 முதல் 9 வரை இரண்டு, 10-ம் அதற்கு மேலும் மூன்று. 2016-ல் பல நாட்டுப் பாத்தாலஜிஸ்டுகள் கூடி இப்படி ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன் ஆளுக்கொரு கணக்கு. விலையுயர்ந்த சாயம் எதுவும் வேண்டாம், சாதாரண ஊதாவும் சிவப்பும் போட்ட தகட்டிலேயே எண்ணலாம். ரங்கூனில் மின்சாரம் வந்து வந்து போகிற நாட்களில், ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியில் திருப்பிக்கூட எண்ணியிருக்கிறேன். தரம் 3 என்றால் சுபாவம் கொஞ்சம் முரடு என்று அர்த்தம். ஆரம்பக் கட்டத்திலும், நெறிக்கட்டி சுத்தமாயிருக்கிற இரண்டாம் கட்டத்திலும் இது முடிவையே மாற்றும். அண்ணனுக்கு எப்படியும் கீமோ உண்டு என்பதால் புதிதாகச் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. கழன்ற செல்லெல்லாம் ஊர் போய்ச் சேர்வதும் இல்லை. மிருகங்களில் செய்த சோதனைகளில், ரத்தத்தில் இறங்கிய செல்களில் பத்தாயிரத்தில் ஒன்றுகூடக் கட்டியாவதில்லை.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என் கண்ணில் உறுத்துகிறது. அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஐம்பது வயதுக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தார் என்று. கர்ப்பப்பையின் வாயிலா, உள்சுவரிலா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வாய் என்றால் அது கிருமியால் வருவது, இதோடு தொடர்பில்லை. உள்சுவர் என்றால், ஒரே வம்சத்தில் கர்ப்பப்பை உள்சுவரும் 50-க்குள் பெருங்குடலும் வருவது லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறுக்குப் பெயர்போன ஜோடி. பெயரெழுத்தில் பிழை திருத்துகிற மாதிரி மரபணுவில் பிழை திருத்துகிற புரதங்கள் பழுதாவதால் வருவது அது. இங்கேயும் நம் ஒட்டும் மூலக்கூறு தலை நீட்டுகிறது: சில குடும்பங்களில் எப்கேம் மரபணுவின் வால்நுனி பிறவியிலேயே அறுந்திருக்கும். அறுந்த நுனியைத் தாண்டிப் படிப்பு நிற்காமல் ஓடி, அடுத்த வீட்டிலிருக்கிற எம்.எஸ்.எச்.2 என்ற பிழைதிருத்தும் மரபணுவை ஊமையாக்கிவிடும். 2009-ல்தான் இது தெரியவந்தது.

இதற்கான முதல் சோதனைக்குப் புதிதாக ரத்தமோ சதையோ எடுக்க வேண்டாம். அண்ணனின் பாராஃபின் பிளாக் இருக்கிறதல்லவா, அதில் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற நாலு சாயங்கள் போட்டால் போதும். வெளிநாட்டு லேப் இதைச் செய்ததாக ரிப்போர்ட்டில் காணோம். ஈ-கேடெரினுக்குக் கொடுத்த காசை இதற்குக் கொடுத்திருக்கலாம். பிளாக்கைத் திருப்பி வாங்கி, டப்பாவில் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

சாயத்தின் பதில் எப்படி வந்தாலும் ஒன்று மாறாது. கூடப்பிறந்தவருக்கு 49-ல் வந்திருக்கிறது என்றால் உங்களுக்கு 39-லேயே கொலனோஸ்கோப்பி செய்திருக்க வேண்டும். உங்களுக்கு 44 என்று எழுதியிருக்கிறீர்கள். தாட்டோனில் இருக்கிற அக்காவுக்கு 47. தைப்பூசத்துக்குக் குடும்பமே ரங்கூன் வருவதாகச் சொன்னீர்களே, அந்தப் பயணத்திலேயே இரண்டு பேரும் முடித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் குடல் சுத்தம் செய்ய மருந்து குடிக்க வேண்டியிருக்கும், அதனால் பூசத்தன்று வேண்டாம், இரண்டு நாள் கழித்துத் தேதி வாங்குங்கள்.